என் ரிப்பேர் ரூமும் உங்கள் மகளின் சிவப்பு அட்டையும்

சேரப்பணஞ்சேரி,
வெள்ளிக்கிழமை.

தண்டலம் திரு. ஜெபகுமார் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் சம்பந்தி சின்னப்பராஜ் மரியாதை குறையாமல் எழுதிக்கொள்வது. நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி அன்னபுஷ்பம் சுகம். என் மகன், அதாவது உங்கள் மாப்பிள்ளை டெனிசன் சுகம். உங்கள் மகள் ஷாரோன் எங்கள் எல்லாரையும்விட சுகம். இந்த வீட்டில் சுகமில்லாதவன் நான் ஒருவன்தான். காரணத்தைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். காபி குடித்துவிட்டு உட்கார்ந்து படிக்கவும்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனால் வந்த வினைதான் இது. போன வாரம் நீங்கள் ஷாரோனைக் கூப்பிட்டபோது அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நான் பின்னாலிருந்து கத்தினேன். அதை நீங்கள் ஒரு எழுத்து விடாமல் கேட்டுவிட்டீர்கள். மறுநாளே டெனிசனைக் கூப்பிட்டு, "எங்க பொண்ணு அங்க திட்டு வாங்கிக்கினு இருக்க வேணாம் மாப்ளே, நம்ம மாடி போர்ஷன் சும்மாதான் கீது, ரெண்டு பேரும் வந்துருங்க, வர்ற ஞாயித்துக்கெழம குட்டியானை வண்டி அனுப்பறேன், சாமானை ஏத்திக்கினு வாங்க" என்று சொன்னீர்களாம். டெனிசன் என் முன்னால் வந்து, பெயில் ஆன மார்க் ஷீட்டை நீட்டுகிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு இதைச் சொன்னான். அப்பா சரி என்றால்தான் போவானாம். சம்பந்தி, சரி. நூறு முறை சரி, அவனிடமும் அதையே சொல்லிவிட்டேன். தாராளமாக வண்டி அனுப்புங்கள். ஏன் இவ்வளவு சந்தோஷமாகச் சரி சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், ஊரில் நாளைக்கு என்னைத்தான் கெட்டவன் என்பார்கள், அதற்காகவே இந்தக் கடிதம். எங்கள் தெருவிலிருக்கும் பிச்சையா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். சாயங்காலம் இரண்டாவது ஷிப்ட் ஆட்களை இறக்கிவிடத் தண்டலம் வழியாகத்தான் போகிறார். அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் என் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்தின்போது பார்த்திருப்பீர்கள், பாத்ரூமுக்குப் பக்கத்தில் ஷீட் போட்ட ரூம். எங்கள் செல்போன் கம்பெனியை மூடியபோது கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஆட்டோ வாங்கினார், ஒருவர் பிரியாணிக் கடை போட்டார், நான் ஒரு சால்டரிங் அயனும் மேசையும் வாங்கி இந்த ரூமில் உட்கார்ந்தேன். இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டு மிக்ஸி புகைந்தாலும், பேச்சிலர் ரூம்களில் எந்த இண்டக்ஷன் அடுப்பு செத்தாலும் என்னிடம்தான் வரும். சரி செய்ய முடியாதவற்றிலிருந்து நல்ல பார்ட்ஸைக் கழற்றி வைத்துக்கொள்வேன். கண்டென்சர், ரெசிஸ்டர், டயோடு, ஸ்பிரிங், ஸ்க்ரூ என்று எல்லாம் அரிசியும் பருப்பும் அளவுக்கு இருக்கும், ஒன்று தொலைந்தாலும் ஒரு டிவி பேசாது. இவற்றை வைப்பதற்கு எனக்கென்று ஒரு முறை இருந்தது. எந்த வீட்டிலிருந்து கழற்றினேனோ அந்த வீட்டுக்கு ஒரு டப்பா, அவ்வளவுதான். பால்பவுடர் டப்பா என்றால் தசரதன் டீக்கடை ஸ்டெபிலைசர். மூடி உடைந்த ஐஸ்கிரீம் டப்பா என்றால் பக்கத்து வீட்டுக் கிளியம்மாளின் பழைய டிவி. அன்னபுஷ்பம் பிரஷர் மாத்திரை சாப்பிட்டு முடித்த அட்டைகளில் குழிக்கு ஒரு டயோடாகப் போட்டு மேலே டேப் ஒட்டிவிடுவேன். ரெசிஸ்டர்களை மட்டும் அவளுடைய அஞ்சறைப்பெட்டியில் வைத்திருந்தேன். மஞ்சள் கோடு போட்டது மஞ்சள்தூள் அறையில், சிவப்புக் கோடு மிளகாய்த்தூள் அறையில், பழுப்பு மல்லித்தூள் அறையில். அவள் அந்தப் பெட்டியைக் கேட்டபோதெல்லாம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். யாராவது மிக்ஸி கொண்டுவந்தால், இதற்குத் தசரதன் கண்டென்சர் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு கையை விடுவேன். பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் நாள் முழுக்கத் தேடுவேன். எனக்கும் பொழுது போக வேண்டாமா?

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் உங்கள் மகள் வந்து சேர்ந்தாள். ஒரகடத்தில் கார் ஒயரிங் கம்பெனியில் லைன் லீடர் என்று பெண் பார்க்க வந்தபோது நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். அது ஒரு வேலை என்றுதான் நினைத்தேன், வியாதி என்று எனக்குத் தெரியாது. கம்பெனிகளில் ஃபைவ் எஸ் என்று ஒன்று நடத்துவார்கள். வேண்டாததைத் தூக்கி எறி, வேண்டியதை வரிசையாக வை, துடை, எல்லாரும் ஒரே மாதிரி செய், தினமும் செய். எங்கள் கம்பெனியிலும் இருந்தது. ஆடிட்டுக்கு வெளியிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று தெரிந்தால் முந்தின நாள் எல்லாவற்றையும் அள்ளி ஒரு ரூமில் போட்டுப் பூட்டிவிட்டு, அவர்கள் போனதும் மறுபடி எடுத்துப் பரப்பிக்கொள்வோம். மானமுள்ளவன் யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஆனால் உங்கள் மகள், விருந்தெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு டீ கொண்டுவந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னா மாமா இது?" என்றாள். "ரூம்மா" என்றேன். "அது தெரிது மாமா. ஒரு போட்டோ எடுத்துக்கட்டா?" என்று கேட்டாள். மருமகள் ஆசையாகக் கேட்கிறாளே என்று சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு, தலையைக் கோதிக்கொண்டு, சிரித்தபடி நின்றேன். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா, குப்பை மறையுது" என்றாள். எடுத்து முடித்ததும், இதற்கு பிஃபோர் போட்டோ என்று பெயராம், ஆஃப்டர் போட்டோ அப்புறம் எடுப்பாளாம்.

அடுத்த வாரம் ஒரு கட்டு சிவப்பு அட்டையுடன் வந்தாள். ஒரு வருஷமாகத் தொடாத பொருள் எதுவோ அதில் அட்டையைக் கட்டிவிட வேண்டும், ஒரு வாரத்துக்குள் அதற்கு நியாயம் சொல்ல முடியாவிட்டால் காயலான் கடைக்கு. அவள் கட்ட ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே போய் நியாயம் சொல்ல ஆரம்பித்தேன். எந்த டப்பாவைக் கேட்டாலும் "வேண்டியிருக்கும்மா" என்றேன். "எப்ப மாமா?" என்றாள். எப்போது என்று தெரிந்தால் நான் ஏன் இந்தத் தொழிலில் இருக்கப் போகிறேன்? மதியத்துக்குள் ரூம் முழுக்கச் சிவப்பு. கால் ஆடுகிறது என்று என் நாற்காலிக்கும் ஒரு அட்டை. நான் எழுந்திருக்க மறுத்ததால் நாற்காலியின் முதுகில், சரியாக என் தோளுக்குப் பின்னால் கட்டிவிட்டாள். அந்த நேரத்தில்தான் கிளியம்மாள் சர்க்கரை கேட்டு வந்தாள். வந்தவள் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தேவையற்ற பொருள். ஒரு வாரத்தில் அகற்றவும். இன்னாண்ணே, வூட்ல உன்னியவே கழிச்சி வுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, சர்க்கரையை மறந்து, அதைத் தெருவில் சொல்லப் போய்விட்டாள். அன்றிலிருந்து தசரதன் டீக்கடையில் எனக்கு டீ கொடுக்கும்போது, அகற்றியாயிற்றா என்று கேட்காமல் கொடுப்பதில்லை.

இதோடு போயிருந்தால் நான் பொறுத்திருப்பேன். அடுப்படி டப்பாக்களெல்லாம் அடுப்படிக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அஞ்சறைப்பெட்டியைப் பார்த்ததும் அன்னபுஷ்பம், காணாமல் போன பிள்ளை வந்த மாதிரி அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அதன் பிறகு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அவள் அன்றைக்கே கட்சி மாறிவிட்டாள், சம்பந்தி. சொத்தை மீட்கிற அவசரத்தில், ஷாரோன் சோதிப்பதற்காகத் தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு டப்பாவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதில் நான் செல்போன் போர்டுகளிலிருந்து கழற்றிய குட்டி டயோடுகள் இருந்தன. கறுப்பாக, கடுகளவு இருக்கும். மறுநாள் ரசம் தாளிக்கிறேன் என்று எண்ணெய் காய்ந்ததும் ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறாள். நின்றாள், நின்றாள், சத்தமே இல்லை. "என்னாங்க, எவ்ளோ நேரமாவுது, கடுகு வெடிக்கவே மாட்டேங்குது! எந்தக் கடையில வாங்கினு வந்தீங்க இந்த மட்டக் கடுகை?" என்று என்னைத்தான் திட்டினாள். ஓடிப் போய்ப் பார்த்தால், என் வருஷக்கணக்கான உழைப்பு எண்ணெயில் கிடக்கிறது. வாணலியோடு தூக்கிப் போட்டோம். இதற்கு உங்கள் மகள் என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் இரண்டு பேரையும் மேசைக்கு எதிரில் உட்கார வைத்து, ஏன் ஏன் என்று ஐந்து முறை கேட்டாள். கம்பெனியில் எது தவறிப்போனாலும் காரணம் கண்டுபிடிக்க அப்படித்தான் கேட்பார்களாம். கடுகு ஏன் வெடிக்கவில்லை? அது கடுகு இல்லை. ஏன் கடுகு இல்லை? டப்பாவில் டயோடு இருந்தது. டயோடு என்று ஏன் தெரியவில்லை? லேபிள் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஏன் லேபிள் இல்லை? ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை? வேடிக்கை பார்த்த டெனிசனோடு சேர்த்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாணலியில் போட்டவள் அன்னபுஷ்பம், ஆனால் ஐந்தாவது ‘ஏன்’ நேராக வந்து என் தலையில் உட்கார்ந்தது.

பிறகு வந்தது டிராயர் பெட்டி. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் தீப்பெட்டி தீப்பெட்டியாக டிராயர் வைத்த உயரமான பெட்டி. அவள் சம்பளத்தில் வாங்கியதுதான், அதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். என் டப்பாக்களில் இருந்ததையெல்லாம் மீட்டர் வைத்துப் பார்த்து, அளவுப்படி பிரித்து, ஒவ்வொரு டிராயர் மேலும் இங்கிலீஷில் நம்பர் ஒட்டிவிட்டாள். தசரதன், கிளியம்மாள், பாஞ்சாலி வீட்டு கிரைண்டர் எல்லாரும் கலந்து போய்விட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கிளியம்மாள் தன் செட்டாப் பாக்ஸ் அடாப்டரைக் கொண்டுவந்து, சீரியல் ஆரம்பிப்பதற்குள் வேண்டும் என்று வாசலில் உட்கார்ந்தாள். ஒரு கண்டென்சர் உப்பியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு வேண்டியது தசரதன் கண்டென்சர். அந்தப் பெயரில் டிராயர் கிடையாது. நம்பரைப் படித்து எடுப்பதற்கு நான் என்ன தபால் ஆபீஸிலா இருக்கிறேன்? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பார்த்ததையே மறுபடி பார்க்காமல் இருக்க, திறந்ததைத் திறந்தபடியே விட்டேன். இதில் எவ்வளவு யோசனை இருக்கிறது பாருங்கள். மேல் வரிசை முடிந்து நடு வரிசைக்கு வந்தபோது, முன்பக்கம் பாரம் தாங்காமல் அந்தப் பெட்டி எனக்கு வணக்கம் சொல்வது போல மெல்லக் குனிந்து, அப்படியே விழுந்தது. பிரித்ததெல்லாம் ஒன்றாகி, கதவிடுக்கு வரை ஓடியது. கிளியம்மாள் காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு, "ஐயோ, எறும்பு மாரி போவுதே!" என்று கத்தினாள். டெனிசன் துடைப்பத்தோடு வந்தான். நான் அவனைத் துரத்தினேன்.

ஷாரோன் முதல் ஷிப்ட் முடிந்து வந்தாள். நான் திட்டத் தயாராக இருந்தேன், அவள் ஏதாவது சொல்லட்டும் என்று. அவளோ தோளிலிருந்த பையை இறக்கி வைத்தாள், ஹாலில் வெள்ளைப் போர்வையை விரித்தாள், எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினாள், எங்களை வரிசையாக உட்காரச் சொன்னாள். என் வீட்டு ஹாலில் கம்பெனி மாதிரி லைன் ஓட ஆரம்பித்துவிட்டது, சம்பந்தி. அன்னபுஷ்பம் குண்டு எது, ஒல்லி எது என்று பிரிக்க வேண்டும். அடாப்டர் வாங்க வந்த கிளியம்மாள் கால் நீளமா குட்டையா என்று பார்க்க வேண்டும். டெனிசன் கோட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கடைசியில் மீட்டர் வைத்துச் சோதிப்பது நான். அவள் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அத்தை, வாய் ஓடட்டும், கை நிக்கக் கூடாது." "டெனி, ப்ளூவும் கிரீனும் உனுக்கு ஒண்ணா?" நான் ஒரு ரெசிஸ்டரைத் தப்பான டிராயரில் போட்டுவிட்டேன். "லைன் ஸ்டாப்!" என்று ஒரு சத்தம். என் மனைவி, என் மகன், என் பக்கத்து வீட்டுக்காரி மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். "மாமா, உங்ககிட்டதான் பார்ட்ஸ் சேந்துக்கினே போவுது. புதுசு இல்ல, பழகிரும்" என்று தட்டிக் கொடுக்கிறாள். வருஷக்கணக்கில் டெஸ்டிங் லைனில் நின்ற எனக்கு, என் வீட்டில், ட்ரெயினி வேலை! கிளியம்மாளுக்கு சீரியல் ஞாபகமே இல்லை. எழுந்து போகும்போது, "நாளிக்கும் ஷிப்ட் கீதா கண்ணு? ஓவர்டைம் உண்டா?" என்று கேட்டாள். ஜெபமாலை நேரத்துக்குள் பெட்டி பழையபடி நிறைந்துவிட்டது. அன்றைக்கு நான் சிரித்ததாக டெனிசன் உங்களிடம் சொல்லக்கூடும். நம்ப வேண்டாம். எனக்கு இருமல்.

அதன் பிறகு பெட்டியைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ அடித்தாள். தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, நாற்காலிக்கு ஒரு கட்டம், குப்பைக் கூடைக்கு ஒரு கட்டம், என் செருப்புக்கு ஒரு கட்டம் போட்டாள். செருப்பு கோட்டுக்கு வெளியே இருந்தால் மார்க் குறையும். ஆமாம், மார்க். வாராவாரம் நூற்றுக்கு இவ்வளவு என்று போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறாள். என் வீட்டில் தண்ணீர் குடிக்கப் போனால் என் மார்க்கைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கைப்பட்டை கொண்டுவந்தாள். உடம்பிலிருக்கும் கரண்ட் பட்டால் போர்டிலிருக்கும் ஐசி சிப் செத்துவிடுமாம், அதனால் வேலை செய்யும்போது மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, அதன் ஒயரை மேசை மேலிருக்கும் ரப்பர் விரிப்பில் மாட்டி எர்த் கொடுத்துவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் என் கை பட்டுச் செத்ததாக எந்த ஐசியும் என்னிடம் சொன்னதில்லை. இருந்தாலும் வீட்டில் சண்டை வேண்டாம் என்று கட்டிக்கொண்டேன். போன வாரம் தண்ணீர் கேன்காரன் கேட்டில் நின்று கூப்பிட்டான். கையில் கட்டியிருப்பதை மறந்து எழுந்து நடந்தேன். பின்னாலேயே ரப்பர் விரிப்பும், அதன் மேலிருந்த இண்டக்ஷன் அடுப்பு போர்டும், ஸ்க்ரூ தட்டும், ஒரு டம்ளர் டீயும் புறப்பட்டு வந்தன. போர்டு உடைந்தது. டீ என் முதுகில். கேன்காரன் சிரிப்பில் கேனைப் போட்டுவிட்டான். அப்போது கத்தியதுதான் நீங்கள் போனில் கேட்டது. "என்னக் கட்டிப் போட்டு வளக்கறதுக்குத்தான் உங்கப்பன் உன்ன இங்க அனுப்பிச்சானா?" என்று கேட்டேன். உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்களைப் பற்றிய அந்த ஒரு வரிக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னது சொன்னதுதான்.

ஆகையால் உங்கள் யோசனையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வருவதற்குள் வண்டி வாசலில் நிற்கட்டும். பெரிய வண்டியாக அனுப்புங்கள். அவளோடு அந்த டிராயர் பெட்டி, மஞ்சள் டேப், கைப்பட்டை, மிச்சமிருக்கிற சிவப்பு அட்டை எல்லாவற்றையும் ஏற்றிவிடப் போகிறேன். உங்கள் வீட்டு மாடியில் வரிசைப்படுத்த நிறைய இருக்கும். சம்பந்தியம்மாவின் அடுப்படியையும், உங்கள் பைபிள் அலமாரியையும், வாசலில் கிடக்கும் உங்கள் மூன்று ஜோடி செருப்பையும் அவளிடம் ஒப்படையுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். நீங்கள் எழுதும்போது உங்களுக்கு எத்தனை மார்க் என்றும் சேர்த்து எழுதவும். நான் இங்கே பழையபடி டப்பாக்களை எடுத்துக்கொண்டு, என் ரூமில், என் நாற்காலியில், யாரும் என்னைக் கேட்காமல் நிம்மதியாக உட்காரப் போகிறேன். அன்னபுஷ்பம் அஞ்சறைப்பெட்டியைத் தர மாட்டாள். அதை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

உங்கள் குடும்பத்துக்கு ஆண்டவருடைய ஆசீர்வாதமும், உங்கள் சபையில் அதற்கு இடமில்லை என்று தெரிந்தாலும் எங்கள் மாதாவின் பரிந்துரையும் குறைவின்றிக் கிடைக்கட்டும். சம்பந்தியம்மாவின் மூட்டு வலி சீக்கிரம் குணமாகட்டும். போன முறை கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாய் நன்றாக இருந்தது, கோபத்தோடு சாப்பிட்டாலும் நன்றாக இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லாத, உங்கள் மகள் மேல் மட்டும் உள்ள,
சம்பந்தி சின்னப்பராஜ்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, கவரை ஒட்டப் பசை எடுக்க ரூமுக்குப் போனேன். ஷாரோன் அங்கே கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு ஏறி நின்றாள். கம்பெனிகளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு போர்டு மாட்டுவார்கள், அந்த இடத்துக்கு யார் பொறுப்போ அவர் போட்டோ மேலே இருக்கும், அவர் இல்லாத நாளில் பார்த்துக்கொள்ளும் மாற்று ஆளின் போட்டோ கீழே இருக்கும். அதே மாதிரி ஒன்றை எனக்குத் தெரியாமல் செய்து வைத்திருக்கிறாள். மேலே நான், கல்யாணத்தில் கோட்டுப் போட்டு முறைத்துக்கொண்டு நிற்கிற போட்டோ. கீழே இருந்த அவள் போட்டோவை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். "இன்னா பண்றே?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம போறேன்ல மாமா, நான் இங்க இருக்கக் கூடாது. வேற யார் போட்டோவ ஒட்டட்டும்? காலியா வுடக் கூடாது" என்றாள். டெனிசன் என்றேன். சால்டரிங் அயனை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், அவள் சிரிக்காமல் காத்திருந்தாள். அன்னபுஷ்பம் என்றேன். அவள் உள்ளேயிருந்தே "நான் மாட்டேன்" என்றாள். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஆள் இல்லை, சம்பந்தி. இத்தனை வருஷத்தில் அந்த ரூமுக்குள் வந்து இது என்ன என்று கேட்ட வேறு ஒருவர் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"நான் கத்தினதுக்குத்தானே போறே?" என்று கேட்டேன். "நான் எப்ப மாமா போறேன்னு சொன்னேன்? அப்பாதான் போன்ல கேட்டுட்டு பயந்துட்டாரு. நீங்க சரின்னுட்டீங்கன்னு டெனி சொன்னாரு, அதான். எங்க லைன்ல பிரஸ் மிஷின் போடற சத்தத்துக்கு உங்க சத்தம்லாம் ஒண்ணுமே இல்ல" என்றாள். இதுவும் எனக்கு அவமானம்தான், பிறகு பார்த்துக்கொள்கிறேன். போட்டோவை அவள் கையிலிருந்து பிடுங்கி நானே பழைய இடத்தில் ஒட்டினேன். கவருக்கு வைத்திருந்த பசை அதில் தீர்ந்துவிட்டது, அதனால்தான் இது கவரில்லாமல் மடித்தபடி வருகிறது. ஒட்டி முடித்ததும் அவள் தலையைச் சாய்த்துப் பார்த்து, "கோணலா கீது மாமா, ரெண்டு மார்க் கட்" என்கிறாள்.

பிச்சையா வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், வேறு கடிதம் எழுத நேரமில்லை. மேலே எழுதிய எதையும் நான் வாபஸ் வாங்கவில்லை, எல்லாம் சத்தியம். வண்டி மட்டும் அனுப்ப வேண்டாம்.